ஒரு கொட்டகைக்கு எத்தனை பிறந்தநாள்?

உங்கள் ஊரில் இப்போது நெல் மூட்டை அடுக்கி வைத்திருக்கும் பழைய தியேட்டர் 1949-இல் தொடங்கியது என்று உங்கள் தந்தை சொல்கிறார். இல்லவே இல்லை, 1961 என்று எதிர்வீட்டுப் பெரியவர் அடித்துச் சொல்கிறார். கட்டடத்தில் கல்வெட்டு கிடையாது. எது சரி, அதன் வரலாற்றை எங்கே போய்த் தேடுவது, கடைசியில் அது ஏன் மூடப்பட்டது என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் கேள்விக்கு ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம்: ஆட்சியர் அலுவலகத்தில் உரிமப் பதிவேட்டைப் பாருங்கள். ஆனால் உங்கள் எழுத்தைப் படித்தபோது, இரண்டு பெரியவர்களில் யாருக்கு நினைவு பிசகியிருக்கிறது என்பதுதான் உங்களை உறுத்துகிறது என்று தோன்றியது. என் அனுபவத்தில் இருவருக்குமே பிசகியிருக்க வேண்டிய அவசியம் இல்லை. ஏன் என்று விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் நான் யார் என்பதைச் சொல்லிவிடுகிறேன். எதை எவ்வளவு நம்பலாம் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளலாம். 1974-இல் ஒரு டூரிங் கொட்டகையில் ரீல் சுற்றும் பையனாகச் சேர்ந்து, பிறகு படம் ஓட்டும் ஆபரேட்டர் ஆகி, முப்பத்தைந்து ஆண்டுகள் தமிழ்நாட்டின் சிறிய ஊர்களில் ஆறு தியேட்டர்களில் வேலை பார்த்தேன். படம் ஓட்டும் மெஷின், அது நிற்கும் அறையான கேபின், உரிமச் சோதனைக்கு அதிகாரிகள் வரும் நாள், படச்சுருள்கள் அடங்கிய படப்பெட்டி வராத நாள் ஆகியவை எனக்கு நன்றாகத் தெரியும். நான் வரலாற்று ஆய்வாளன் அல்லன். உங்கள் ஊரையும் அந்தக் கட்டடத்தையும் பார்த்ததில்லை. ஆகவே உங்கள் தியேட்டரின் வருடத்தை என்னால் சொல்ல முடியாது. வருடத்தை எப்படிக் கறக்கலாம் என்று மட்டும் சொல்ல முடியும்.

சிறிய ஊர்த் தியேட்டர் ஒரே நாளில் பிறப்பது அபூர்வம். பணக்கார ஊர்களில் வேண்டுமானால் ஒருவர் நிலம் வாங்கி, அஸ்திவாரம் போட்டு, மந்திரியை அழைத்துத் திறந்திருப்பார். மற்ற இடங்களில் கதை வேறு. முதலில் ஒரு டூரிங் கொட்டகை வரும். கூடாரத்துணி, அல்லது மூங்கிலும் தென்னங்கீற்றும். பகலில் வெளிச்சம் உள்ளே புகுந்துவிடும் என்பதால் இருட்டிய பிறகு இரண்டு ஆட்டம் மட்டும். டூரிங் உரிமம் என்றாலே தற்காலிகம் என்றுதான் பொருள். காலம் முடிந்ததும் கொட்டகையைப் பிரித்து வேறு ஊருக்குப் போக வேண்டும், அல்லது இடைவெளி விட்டு மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். கூட்டம் நன்றாக வரும் ஊரை விட்டுப் போக எந்த முதலாளிக்கு மனம் வரும்? அதனால் அடுத்த படியாக, தகரமோ ஆஸ்பெஸ்டாஸ் தகடோ போட்டு, பக்கச் சுவர் எழுப்பி, சட்டம் 'செமி பெர்மனென்ட்' என்று சொல்கிற அரை நிரந்தரக் கொட்டகையாக மாற்றுவார்கள். அதன் பிறகு கையில் காசு சேர்ந்தால், அல்லது காசுள்ள ஒருவர் பங்குக்கு வந்தால், நிரந்தரக் கட்டடம். இந்த மூன்றும் ஒரே மனையில், ஒரே பெயரில், ஒரே முதலாளியின் கீழ்கூட நடந்திருக்கலாம். உங்கள் தந்தை பார்த்தது 1949-இல் நின்ற கூடாரமாகவும், எதிர்வீட்டுப் பெரியவர் பார்த்தது 1961-இல் திறந்த கட்டடமாகவும் இருந்தால், இருவரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள். பன்னிரண்டு வருட இடைவெளி இதற்கு மிகவும் பொருந்துகிறது. அதற்காக இதுதான் நடந்தது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன்.

அந்த 1949-க்கு முன்னாலும் உங்கள் ஊர் படம் பார்த்திருக்கலாம் என்பதை மறக்க வேண்டாம். திருச்சியில் ரயில்வேயில் வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட், டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து கருவியையும் படச்சுருள்களையும் வாங்கிக்கொண்டு 1905-இலேயே ஊர் ஊராகக் கூடாரம் போட்டுக் காட்டத் தொடங்கிவிட்டார். அவர் கோயம்புத்தூரில் நிலையாகக் கட்டிய வெரைட்டி ஹால் 1914-ஐச் சேர்ந்தது. அதன் பெயரில் அமைந்த வெரைட்டி ஹால் ரோடு இன்றும் அங்கே இருக்கிறது. உங்கள் ஊரிலும் 'தியேட்டர் சந்து', 'டாக்கீஸ் தெரு', 'கொட்டாய் மேடு' என்று ஏதாவது வழக்கில் இருக்கிறதா என்று தபால்காரரிடம் கேளுங்கள். அது இப்போதைய கட்டடம் இருக்கும் இடத்தில் இல்லாமல் ஊரின் வேறு மூலையில் இருந்தால், கூடாரம் நின்ற இடம் அதுதான் என்று யோசிக்கத் தொடங்கலாம்.

தியேட்டரின் பெயரும் ஒரு துப்பு. தமிழில் பேசும் படம் வந்தது 1931-இல். அந்த ஆண்டு அக்டோபர் 31-ஆம் தேதி சென்னை கினிமா சென்ட்ரலில் 'காளிதாஸ்' வெளியானது. ஆகவே பெயரில் 'டாக்கீஸ்' இருந்தால், அந்தப் பெயர் 1931-க்கு முந்தையதாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஆனால் இதிலிருந்து மேல்வரம்பு கிடைக்காது. பேசாத படமே யாருக்கும் நினைவில்லாத காலத்தில் திறந்த கொட்டகைகளுக்கும் 'டாக்கீஸ்' என்று பெயர் வைத்துக்கொண்டேதான் இருந்தார்கள். கைமாறும்போது பெயர் மாறுவதும் சகஜம். புது முதலாளி தன் மகள் பெயரையோ குலதெய்வத்தின் பெயரையோ வைத்துவிட்டால், பதிவேட்டில் நீங்கள் தேடும் பெயர் இருக்கவே இருக்காது. எனவே பெயரை வைத்துத் தேடாமல் மனையின் சர்வே எண்ணை வைத்துத் தேடுங்கள்.

இனி, பெரியவர்களிடம் எப்படிக் கேட்பது என்பது. இங்கேதான் பெரும்பாலானவர்கள் சறுக்குகிறார்கள். 'முதலில் போட்ட படம் எது?' என்று கேட்பார்கள். பெரியவர் ஒரு படத்தின் பெயரைச் சொல்வார். அந்தப் படம் வெளியான வருடத்தைப் பார்த்து, தியேட்டர் திறந்த வருடம் அதுதான் என்று எழுதிவிடுவார்கள். மதுரை தங்கம் மாதிரிப் பெரிய தியேட்டருக்கு அந்தக் கணக்கு ஒத்துவரும். அது 1952 தீபாவளிக்குப் புதுப்படமான 'பராசக்தி'யோடு திறந்தது. உங்கள் ஊருக்கு அந்தக் கணக்கு உதவாது. அந்தக் காலத்தில் ஒரு படத்துக்குப் போட்ட பிரதிகள் மிகக் குறைவு. அவை முதலில் பெரிய நகரங்களில் ஓடி முடிய வேண்டும். பிறகு மாவட்டத் தலைநகர், பிறகு தாலுகா ஊர், அதன் பிறகுதான் கொட்டகை. இதைத்தான் தொழிலில் ஏ, பி, சி சென்டர் என்று சொல்வோம். எங்கள் கொட்டகைக்கு வந்த பிரதியில் பாதி நேரம் மழை பெய்யும், அவ்வளவு கீறல். பாட்டு நடுவில் நான்கு வரி காணாமல் போயிருக்கும். வெளியாகி ஆறு மாதம் கழித்து வந்தால் அது எங்களுக்குப் புதுப்படம். திறப்பு விழாவுக்கு மங்களகரமாக இருக்கட்டும் என்று பத்து வருடப் பழைய பக்திப் படத்தை வாடகைக்கு எடுத்துப் போட்ட முதலாளியையும் எனக்குத் தெரியும். ஆகவே 'முதல் படம்' கீழ்வரம்பை மட்டும் தரும்: அந்தப் படம் வெளியாவதற்கு முன் அந்தத் திறப்பு விழா நடந்திருக்க முடியாது. அவ்வளவுதான்.

வருடத்தைக் கேட்காதீர்கள், உடம்பு நினைவு வைத்திருப்பதைக் கேளுங்கள். எதன்மேல் உட்கார்ந்தீர்கள்? மணலைக் குவித்து மேடாக்கி உட்கார்ந்தேன் என்றால் அது கொட்டகை. சிமென்ட் தரை என்றால் பிந்தைய காலம். பெண்கள் பக்கத்துக்கு நடுவே தட்டி இருந்ததா, சுவர் இருந்ததா? டிக்கெட் கொடுக்கப் போகிறார்கள் என்பது எப்படித் தெரியும்? ஒலிபெருக்கியில் பக்திப் பாட்டு போட்டார்கள் என்பார்கள். எந்தப் பாட்டு என்று கேட்டால் இன்னொரு கீழ்வரம்பு கிடைக்கும். எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்த கேள்வி: படத்துக்கு எத்தனை இடைவேளை? கேட்பதற்கு அற்பமாக இருக்கும். ஆனால் கொட்டகையில் எத்தனை மெஷின் இருந்தது என்பதை இந்த ஒரு கேள்வி காட்டிக் கொடுத்துவிடும்.

படச்சுருள் நொடிக்கு 24 ஃப்ரேம், அதாவது 24 தனித்தனிப் படம் வீதம் ஓடும். நிமிடத்துக்கு 90 அடி. இரண்டாயிரம் அடி கொண்ட ஸ்பூல் இருபத்திரண்டு நிமிடத்தில் தீர்ந்துவிடும். பதினைந்தாயிரம் அடிப் படம் இரண்டே முக்கால் மணி நேரம் ஓடும். இரண்டு மெஷின் இருந்தால், ஒன்றில் ஸ்பூல் முடிவதற்குள் மற்றொன்றை ஓட்டிவிட்டுத் தாவிவிடலாம். திரையின் வலது மேல் மூலையில் ஒரு கரும்புள்ளியோ வெள்ளைப்புள்ளியோ கண் சிமிட்டுவதைச் சிறுவயதில் பார்த்திருப்பீர்கள். முதல் புள்ளி வந்தால் அடுத்த மெஷினின் மோட்டாரை ஓட்ட வேண்டும். சுமார் ஏழெட்டு நொடி கழித்து இரண்டாவது புள்ளி வந்ததும் வெளிச்சத்தை மாற்ற வேண்டும். சரியாகச் செய்தால் கீழே ஒருவருக்கும் தெரியாது. தவறினால் எல்லாருக்கும் தெரியும், விசில் பறக்கும். ஒரே மெஷின் வைத்திருந்த கொட்டகையில் இந்த வித்தைக்கே இடமில்லை. சுருள் தீர்ந்ததும் நிறுத்தி, விளக்கைப் போட்டு, அடுத்ததை மாட்ட வேண்டும். நான் சேர்ந்த கொட்டகையில் ஸ்பூல் இன்னும் பெரியது; அப்படியும் ஒரு ஆட்டத்துக்கு மூன்று நான்கு இடைவேளை. சுண்டல் விற்பவருக்குத்தான் கொண்டாட்டம். உங்கள் தந்தை 'நான்கு தடவை விளக்கு எரியும்' என்றும், எதிர்வீட்டுப் பெரியவர் 'ஒரே இடைவேளைதான்' என்றும் சொன்னால், அவர்கள் இருவரும் பேசுவது இரண்டு வெவ்வேறு கொட்டகைகளைப் பற்றி என்று ஏறக்குறைய முடிவு செய்துவிடலாம்.

அடுத்தது கட்டடம். நெல் மூட்டைக்காரர் அனுமதித்தால் நேராகக் கேபினுக்கு ஏறுங்கள். மற்ற இடங்கள் இடிந்தாலும் கேபின் பெரும்பாலும் நிற்கும். அதைத் தீக்குப் பயந்து கட்டினார்கள். ஆரம்ப காலப் படச்சுருள் நைட்ரேட் என்ற பொருளால் ஆனது. பற்றிக்கொண்டால் அணைக்கவே முடியாது. காற்றே இல்லாமல் தண்ணீருக்குள்கூட எரியும். அதனால்தான் கேபினுக்குத் தடித்த சுவர், வெளிப்பக்கமாகத் திறக்கும் கதவு, பார்வையாளர்கள் பக்கம் வராத தனிப் படிக்கட்டு, வெளிச்சம் போகும் ஓட்டைகளுக்கு மேலிருந்து விழும் இரும்பு மூடி எல்லாம். தீப்பற்றினால் ஆபரேட்டர் மூடியைப் போட்டுவிட்டு ஓட வேண்டும்; முதலில் மூடி, பிறகுதான் ஓட்டம் என்று எனக்குக் கற்றுக்கொடுத்தவர் சொல்வார். எளிதில் தீப்பற்றாத அசிடேட் சுருள் 1948 வாக்கில் வந்து, சில ஆண்டுகளிலேயே நைட்ரேட் தயாரிப்பு நின்றுவிட்டது. இதைப் படித்துவிட்டு, 'இரும்பு மூடி இருக்கிறது, ஆகவே கட்டடம் 1950-க்கு முந்தையது' என்று முடிவுக்கு வந்துவிடாதீர்கள். ஆபத்து போன பிறகும் விதி போகவில்லை. மூடி இல்லாமல் உரிமம் கிடைக்காது என்பதால் பிற்காலக் கட்டடங்களிலும் அதை வைத்தார்கள். எனவே மூடியை வைத்துக் காலம் சொல்ல முடியாது.

ஓட்டைகளின் எண்ணிக்கை இதைவிடப் பயனுள்ளது. ஒரு மெஷினுக்கு இரண்டு ஓட்டை: ஒன்று வெளிச்சத்துக்கு, ஒன்று ஆபரேட்டர் திரையைப் பார்க்க. சிலைடு காட்ட இன்னொன்று. ஆகவே ஐந்து ஓட்டைகள் ஒரே வரிசையில், ஒரே மாதிரியான விளிம்போடு இருந்தால் அது தொடக்கத்திலேயே இரண்டு மெஷினுக்காகக் கட்டிய கேபின். இரண்டு மட்டும் பழையதாக, மற்றவை பிறகு இடித்துத் துளைத்த மாதிரி இருந்தால், ஒரு மெஷினில் தொடங்கி வளர்ந்திருக்கிறார்கள். கூரையில் வட்டமான புகைபோக்கித் துவாரங்கள் இருக்கின்றனவா பாருங்கள். ஜெனான் விளக்கு வருவதற்கு முன் வெளிச்சம் வந்தது கார்பன் ஆர்க்கிலிருந்து: இரண்டு கார்பன் குச்சிகளை நெருக்கமாக வைத்து, இடையில் மின்பொறியைக் கொளுத்துவது. அது புகையும். குச்சி எரிந்து குறையக் குறைய இடைவெளியைச் சரி செய்துகொண்டே இருக்க வேண்டும். கண் அசந்தால் திரை மஞ்சளடித்துவிடும். மிச்சத் துண்டுகளைச் சன்னல் வழியாக வீசுவோம். செம்பு முலாம் பூசிய கறுப்புத் துண்டுகள். தெருப் பிள்ளைகள் பொறுக்கிக்கொண்டு போவார்கள். கேபின் சன்னலுக்கு நேர் கீழே மண்ணைக் கிளறினால் இன்றும் ஒன்றிரண்டு கிடைக்கலாம்.

கட்டடத்தை ஒட்டித் தனியாக ஒரு சின்ன அறையும், தரையில் கனமான போல்ட்டுகள் பதித்த கான்கிரீட் மேடையும் இருந்தால் அது இன்ஜின் ரூம். பைக்காரா நீர்மின் நிலையம் 1932-இல் தொடங்கியது, மேட்டூர் 1937-இல், பாபநாசம் 1944-இல். ஆனால் அந்தக் கம்பிகள் சிறிய ஊர்களை எட்ட இன்னும் பல ஆண்டுகள் பிடித்தன; அதுவரை எண்ணெய் இன்ஜினும் டைனமோவும்தான். உங்கள் ஊருக்கு மின்சாரம் வந்த வருடம் தெரிந்தால், இன்ஜினை நம்பி ஓடிய காலத்தையும் பிறகு வந்த காலத்தையும் பிரிக்கலாம். இங்கேயும் ஒரு சிக்கல் இருக்கிறது. மின்வெட்டுக் காலங்களில் எல்லாருமே இன்ஜின் வைத்திருந்தார்கள். ஆகவே இன்ஜின் அறை சுவரோடு சுவராகச் சேர்ந்து எழுந்ததா, பிறகு ஒட்டியதா என்பதைக் கொத்தனார் ஒருவரை அழைத்துக் காட்டுங்கள். செங்கல் கட்டு பிணைந்திருக்கிறதா, வெறுமனே சாய்ந்து நிற்கிறதா என்று அவர் ஒரு பார்வையில் சொல்லிவிடுவார்.

திரைச்சுவரையும் விட்டுவிடாதீர்கள். பழைய படம் ஏறக்குறைய சதுரமாக இருக்கும். அகலத்திரை முறையான சினிமாஸ்கோப் உலகத்துக்கு வந்தது 1953-இல். தமிழின் முதல் சினிமாஸ்கோப் படமான 'ராஜராஜ சோழன்' வந்தது 1973-இல். அதற்குப் பிறகு சிறிய ஊர்களிலும் திரையை அகலப்படுத்த வேண்டியதாயிற்று. இரண்டு பக்கத் தூணையும் செதுக்கித் திரையை இழுத்த அடையாளமோ, நடுவில் பழைய திரையின் கறுப்புப் பட்டையோ தெரிந்தால், கட்டடம் அதற்கு முந்தையது என்று ஓரளவு தைரியமாகச் சொல்லலாம். திரைக்குப் பின்னால் ஆழமான மேடையும் இரண்டு பக்கமும் வேடம் போடும் அறைகளும் இருந்தால், அது நாடகக் கொட்டகையாகத் தொடங்கியிருக்கலாம். அப்படியானால் உங்கள் தேடல் இன்னும் பின்னால் போகும்.

கேபினில் மெஷின் இன்னும் இருந்தால், தகட்டில் இருக்கும் எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். சிம்ப்ளெக்ஸ், காலி (Kalee), வெஸ்ட்ரெக்ஸ் என்று எந்த மெஷின் பெயர் இருந்தாலும் அது மெஷினின் வயதைச் சொல்லும், தியேட்டரின் வயதைச் சொல்லாது. எங்கள் தொழிலில் புது மெஷின் வாங்கியவர்கள் குறைவு. நகரத்தில் கழித்தது மாவட்டத் தலைநகருக்கும், அங்கே கழித்தது எங்களுக்கும் வரும். படப்பெட்டி வந்த அதே வழிதான்.

காகிதங்களுக்கு வருவோம். தொடக்கத்தில் சொன்ன உரிமப் பதிவேடுதான் இதில் தலையாயது. 1918-இன் சினிமாட்டோகிராஃப் சட்டத்திலிருந்தே திரையிடும் இடத்துக்கு உரிமம் வேண்டும்; மாவட்டங்களில் அதைக் கொடுப்பவர் மாவட்ட மாஜிஸ்திரேட் என்ற முறையில் ஆட்சியர். பிறகு 1955-இன் சினிமா ஒழுங்குமுறைச் சட்டமும் 1957-இன் விதிகளும் வந்தன. தியேட்டர்காரர்கள் 'சி ஃபார்ம்' என்று சொல்வது இந்த உரிமத்தைத்தான். நிரந்தரக் கட்டடம் என்றால் அதற்கு முன் தடையின்மைச் சான்று, வரைபட ஒப்புதல், கட்டட உறுதிக்குப் பொதுப்பணித் துறைச் சான்று, மின்சாரத்துக்கு மின் ஆய்வாளர் சான்று எல்லாம் வேண்டும். ஒவ்வொன்றும் ஒரு கோப்பு. ஒவ்வொன்றும் தனி அலுவலகம். ஓரிடத்தில் அழிந்தது மற்றோரிடத்தில் பிழைத்திருக்கலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கும்போது 'தியேட்டரின் வரலாறு வேண்டும்' என்று எழுதினால் 'அப்படி ஆவணம் ஏதும் இல்லை' என்று ஒற்றை வரி வரும். சர்வே எண், தெரிந்த பெயர்கள், உரிமம் முதலில் வழங்கிய நாள், உரிமத்தின் வகை என்று குறிப்பாகக் கேளுங்கள். மாவட்டம் பிரிந்த கதையையும் மறக்காதீர்கள். இன்றைய ஈரோடு மாவட்டம் 1979-இல் கோயம்புத்தூரிலிருந்தும், திண்டுக்கல் 1985-இல் மதுரையிலிருந்தும் பிரிந்தவை. பழைய கோப்பு தாய் மாவட்டத்திலேயே தங்கியிருக்கலாம். காலக்கெடு முடிந்ததென்று எரித்தும் இருக்கலாம். அப்படி என்றால் வருந்திப் பயனில்லை.

உள்ளூரிலேயே கிடைப்பவை இரண்டு. பேரூராட்சி அல்லது ஊராட்சியின் சொத்துவரிப் பதிவேட்டில் கட்டடத்துக்கு முதன்முதலில் வரி போட்ட ஆண்டு இருக்கும். கூடாரத்துக்கு யாரும் வீட்டுவரி போட்டிருக்க மாட்டார்கள் என்பதால் இது நிரந்தரக் கட்டடத்தின் பிறப்புக்கு நல்ல சாட்சி. சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று எடுத்தால் மனை கைமாறிய விவரமும், கட்டுவதற்காக அடமானம் வைத்திருந்தால் அதுவும் தெரியும். தியேட்டர் கட்டியவர்கள் கடன் வாங்காமல் கட்டியதாக நான் கேள்விப்பட்டதில்லை. அடமானப் பத்திரத்தின் தேதி பெரும்பாலும் கூரை ஏறிய தேதிக்குப் பக்கத்தில்தான் இருக்கும்.

செய்தித்தாள் விளம்பரங்களைப் பார்க்கச் சொல்லி யாராவது யோசனை சொல்வார்கள். நல்ல யோசனைதான். பட விளம்பரத்தின் அடியில் எந்த ஊரில் எந்த தியேட்டர் என்று பொடி எழுத்தில் வரிசையாகப் போடுவார்கள். சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பழைய இதழ்களும் பாட்டுப் புத்தகங்களும் இருக்கின்றன. ஆனால் அந்தப் பட்டியலில் இடம்பெறுவது முதல் வெளியீட்டுத் தியேட்டர்கள். நாங்கள் அதில் வந்ததே இல்லை. உங்கள் தியேட்டர் பெயர் அகப்பட்டால் அது தங்கம். அகப்படவில்லை என்பதால் தியேட்டர் அப்போது இல்லை என்று சொல்லிவிட முடியாது.

ஏன் மூடப்பட்டது என்பதற்கு எல்லாரும் தொலைக்காட்சியைச் சொல்வார்கள். 1975-இல் சென்னையில் தூர்தர்ஷன் வந்தது, எண்பதுகளில் வீடியோ கேசட், 1993-இல் சன் டிவி. இவை அடித்த அடி உண்மை. நானே காலி மணலுக்குப் படம் ஓட்டியிருக்கிறேன். 1979-இல் தூத்துக்குடியில் படம் ஓடிக்கொண்டிருந்தபோது ஒரு கொட்டகை எரிந்து பலர் இறந்த பிறகு, எங்கள் முதலாளி கீற்றை இறக்கிவிட்டுத் தகடு போட்டார். அந்தக் கடன் அவரை விடவே இல்லை. ஆனால் என் கணிப்பில் கடைசி அடி டிஜிட்டல். 2005-க்குப் பிறகு பெட்டி போய், ஒரே நாளில் எல்லா ஊரிலும் புதுப்படம் என்று ஆனது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பக்கத்து நகரத்துக் குளிர்சாதன தியேட்டரிலும் அதே நாள் அதே படம் என்றால், பேருந்தில் அரை மணி நேரம் போகக்கூடியவர் எங்களிடம் ஏன் வருவார்? பழைய முறையில் தாமதமாக வந்தாலும் எங்கள் ஊர்க் கூட்டம் எங்களுக்கென்று காத்திருந்தது. இது ஒரு ஆபரேட்டரின் கருத்து. முதலாளிகளைக் கேட்டால் வரியையும், மனை விலையையும், பாகப்பிரிவினையையும் சொல்வார்கள். உங்கள் தியேட்டரைப் பொறுத்தவரை வில்லங்கச் சான்றில் மூடிய வருடத்துக்குச் சற்று முன் பாகப்பிரிவினைப் பத்திரம் இருக்கிறதா என்று பாருங்கள்.

கடைசியாக ஒன்று, இதை முதலில் செய்யுங்கள். கேபினில், ஓடி முடிந்த சுருளைத் திருப்பிச் சுற்றும் ரீவைண்டர் மேசை இருந்த மூலைச் சுவரைப் பாருங்கள். எங்களில் பாதிப் பேருக்கு நோட்டுப் புத்தகம் வைத்து எழுதும் பழக்கம் கிடையாது. படத்தின் பெயர், எத்தனை ரீல், எந்த ரீல் அறுந்திருந்தது, பெட்டி வந்த தேதி, போன தேதி, புதுக் கார்பன் மாட்டிய நாள் எல்லாவற்றையும் பென்சிலால் சுவரில்தான் கிறுக்குவோம். நான் வேலை பார்த்த ஒரு கேபினில் எனக்கு முன்னால் இருந்த மூன்று ஆபரேட்டர்களின் கையெழுத்து ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தது. மிகக் கீழே இருந்த தேதி, முதலாளி சொல்லிக்கொண்டிருந்த திறப்பு விழா வருடத்துக்கு நான்கு வருடம் முந்தையது. உங்கள் கட்டடத்தில் அப்படி இருக்கும் என்று உறுதி கூற முடியாது. இருந்தால், மூட்டைக்காரர் பொங்கலுக்கு வெள்ளையடிப்பதற்குள் போய், விளக்கைப் பக்கவாட்டில் பிடித்து, படம் எடுத்துக்கொள்ளுங்கள். நேராக வெளிச்சம் அடித்தால் பென்சில் எழுத்து தெரியாது.